தன்னிகரில்லாத் தலைவனும் பணிக்கூடத்து மாந்தரும்

பெருங்காப்பியத்திற்குத் தன்னிகரில்லாத் தலைவன் ஒருவன் வேண்டும் என்று தண்டியலங்காரம் இலக்கணம் வகுத்தது. இதனைக் கற்பிக்கும்போது, "அப்படியானால் சிலப்பதிகாரத்தின் தன்னிகரில்லாத் தலைவன் யார்?" என்று மாணவர் யாரேனும் கேட்டுவிடுவதுண்டு. கோவலனை அவ்வாறு சொல்ல நம் நா எழாது. இளங்கோவடிகளோ நூலுக்கு எவர் பெயரையும் இடாமல் ஒரு காற்சிலம்பின் பெயரை இட்டு அமைந்தார். ஒருவரால் மட்டும் நடவாத கதைக்கு ஒருவரை மட்டும் தலைவராக்குவது பொருந்தாது என்று அவர் கருதினார் போலும்.

இந்தப் பழைய ஐயம் அண்மையில் எனக்குச் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் தோன்றியது. கார்ப் பந்தயம் பற்றிய மூன்று படங்களை அடுத்தடுத்துப் பார்க்க நேர்ந்தபோது தோன்றியது. கார்ப் பந்தயத்திற்கும் தமிழ் ஏட்டின் இலக்கியப் பகுதிக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. ஒரு பெருஞ்செயலில் யாருடைய பங்கைச் சொல்வது, யாருடைய பங்கை விடுவது என்பது புறநானூற்றுக் காலந்தொட்டுப் புலவர்முன் நிற்கும் வினாவேயாகும்.

முதலில் பந்தயத்தைப் பற்றிச் சிறிது. பிரான்சு நாட்டில் லெ மான் என்னும் ஊரில் 1923-ஆம் ஆண்டு தொடங்கிய 24 மணிநேரப் பந்தயமே நெடுநேரப் பந்தயங்களுள் பெரும்புகழ் பெற்றது. ஒரு சுற்று ஏறத்தாழ 13½ கிலோமீட்டர். அதில் ஒரு பகுதி ஊர்மக்கள் நாள்தோறும் செல்லும் பொதுச்சாலை. சனிக்கிழமை பிற்பகல் புறப்படும் கார்கள் இரவு முழுதும் ஓடி மறுநாள் பிற்பகல் நிற்கும். ஒரே ஆள் அவ்வளவு நேரம் ஓட்ட இயலாது. 1960-களில் ஒரு காருக்கு இருவர், இக்காலத்தில் மூவர். ஓட்டுபவர் மாறலாம், கார் மாறக்கூடாது. எரிபொருளுக்கும் டயருக்கும் பழுதுக்கும் கார் வந்து நிற்கும் இடத்தைப் 'பிட்' என்பர். பணிக்கூடம் என்று நாம் வழங்கலாம்.

ஓட்டுபவருக்கேனும் முறை வைத்து உறக்கம் உண்டு. பணிக்கூடத்தாருக்கு அதுவும் உறுதியில்லை. டயர் அடுக்கின்மேல் சாய்ந்தபடி கண்ணயர்ந்து, கார் வருகிறது என்ற குரல் கேட்டதும் எழுந்து ஓடுவர். ஒருவர் எரிபொருட் குழாயைப் பிடிப்பார். ஒருவர் முன்கண்ணாடியில் அப்பிய பூச்சிகளைத் துடைப்பார். ஒருவர் பிரேக்கின் தேய்மானத்தைக் குனிந்து பார்ப்பார். மின்னணுக் கருவிகள் வருவதற்கு முன் நிறுத்துகடிகாரமும் பென்சிலுமாக ஒவ்வொரு சுற்றையும் எழுதி வந்தவர்களும் உண்டு. தம் காரும் எதிரணிக் காரும் எவ்வளவு இடைவெளியில் ஓடுகின்றன என்பதை அந்தத் தாளைப் பார்த்தே தலைவர்கள் அறிந்தனர்.

இனிப் படங்களுக்கு வருவோம்.

ஜேம்ஸ் மேன்கோல்ட் இயக்கிய 'ஃபோர்ட் வெர்சஸ் ஃபெராரி' 2019-இல் வெளிவந்தது. 1966-ஆம் ஆண்டு லெ மானில் அமெரிக்காவின் ஃபோர்ட் நிறுவனம் இத்தாலியின் ஃபெராரியை வென்ற கதை அது. கார் அணியை நடத்திய காரல் ஷெல்பியாக மாட் டேமனும், காரைச் சோதித்தும் ஓட்டியும் வந்த கென் மைல்ஸாகக் கிறிஸ்டியன் பேலும் நடித்தனர். நடிப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆயினும் அப்படத்திற்குக் கிடைத்த இரண்டு ஆஸ்கார் விருதுகளும் நடிகர் எவருக்கும் போகவில்லை. ஒன்று படத்தொகுப்புக்கு, மற்றொன்று ஒலித்தொகுப்புக்கு. திரைக்குப் பின்னால் உழைத்தவர்க்கு அப்படத்தினும் அப்படத்தின் பரிசாளர்கள் நேர்மை செய்தனர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

படம் பணிக்கூடத்தை முற்றிலும் மறந்துவிட்டது என்று கூறுவது பழியாகும். ஓரிடத்தில், காரினுள் வைத்திருந்த கனமான கணக்கிடு கருவிகளை இறக்கி எறிந்துவிட்டு, காரின் உடலெங்கும் நூலிழைகளை ஒட்டி ஓடவிடுகின்றனர். இழைகள் படியும் இடத்தில் காற்று ஒழுங்காகச் செல்கிறது. அலைந்து துடிக்கும் இடத்தில் இடர் உண்டு. கண்ணால் கண்டு கையால் திருத்தும் தொழிலாளியின் அறிவை இதைவிட எளிமையாகக் காட்ட இயலாது. பந்தயத்தின் முதற்சுற்றில் மைல்ஸின் கார்க்கதவு மூடாமல் தொல்லை தருகிறது. அவர் பணிக்கூடத்துக்கு வந்ததும் பில் ரெமிங்டன் ஒரு பெரிய சுத்தியலால் ஓர் அடி அடிக்கிறார், கதவு மூடிக்கொள்கிறது. முதற்சுற்று முடிந்ததுமே கதவுக்காக மைல்ஸ் உள்ளே வர நேர்ந்தது வரலாற்றிலும் உண்மையே.

இந்த ரெமிங்டன் கற்பனை மாந்தர் அல்லர். ஷெல்பியின் பட்டறையில் எதையும் செய்து முடிப்பவர் என்று பெயர் பெற்றவர். 1966-இல் ஃபோர்டின் இடர் என்ஜினில் மட்டும் இல்லை, பிரேக்கிலும் இருந்தது. ஏழு லிட்டர் என்ஜின் பொருத்திய அந்தக் கனத்த கார் லெ மானின் நெடுநேர்ச்சாலையில் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல் சென்று, முடிவில் உள்ள கூர்வளைவுக்காகச் சட்டென்று வேகம் தணிய வேண்டும். சுற்றுக்கு ஒரு முறை, இரவும் பகலும். பிரேக் வட்டுகள் பழுக்கக் காய்ந்து, மறுபடி நேர்ச்சாலையில் குளிர்ந்து, மறுபடி காய்ந்து விரிசல் விட்டன. 24 மணிநேரம் தாங்கும் வட்டைச் செய்ய முடியவில்லை என்றால் என்ன செய்வது? விரைவில் கழற்றி விரைவில் மாட்டக்கூடிய வட்டைச் செய்வது. ரெமிங்டன் அதைத்தான் செய்தார். கெடாத பொருளை ஆக்குவது ஒரு வகை அறிவு. கெடும் என்று ஒப்புக்கொண்டு, கெட்டதும் மாற்ற வழி வகுப்பது இன்னொரு வகை அறிவு. நெடுநேரப் பந்தயத்தின் உயிர் இரண்டாவதில் இருக்கிறது. பிற்காலத்தில், 2000-ஆம் ஆண்டு லெ மானில் முதல் மூன்று இடங்களையும் பெற்ற அவுடி நிறுவனம், கியர்பெட்டியோடு காரின் பின்பகுதி முழுவதையும் சில நிமிடங்களில் மாற்றும்படி தன் காரை அமைத்திருந்ததும் இவ்வழிப்பட்டதே.

படத்தில் ரெமிங்டனின் ஆட்கள் பிரேக்கை முழுதாக மாற்றும்போது எதிரணியினர் முறையிடுகின்றனர். மாற்றக்கூடாது என்று விதியில் எங்கே இருக்கிறது என்று ஷெல்பி வாதிட்டு வெல்கிறார். நல்ல காட்சி. ஆனால் கவனியுங்கள்: வட்டைச் செய்தவர் குனிந்து வேலை செய்துகொண்டிருக்க, நம் கண்ணும் காதும் வாதிடுபவரிடம் சென்றுவிடுகின்றன. புறநானூற்றில் பொன்முடியார் பாடிய மூதின்முல்லைப் பாட்டை ஆசிரியர்கள் அறிவர். ஒரு வீரன் உருவாவதில் தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் உரிய கடமைகளைப் பங்கிட்ட அப்புலவர், கொல்லனுக்கும் அவர்களோடு ஒப்ப ஓர் இடம் தந்தார். மேன்கோல்ட் கொல்லனுக்குச் சில காட்சிகள் தந்தார். ஒப்பான இடம் தரவில்லை.

இது வெறும் இடக்குறை என்று விட்டுவிடலாம். விட முடியாத காட்சி ஒன்று டேடோனாப் பந்தயத்தில் வருகிறது. ஃபோர்ட் நிறுவனம் அங்கே மற்றோர் அணியையும் இறக்குகிறது. அந்த அணியின் பணிக்கூடத்தார் கைவேகம் மிக்கவர்கள். ஷெல்பியின் ஆட்கள் பின்தங்குகின்றனர். இப்பொழுது என்ன நடக்க வேண்டும்? பின்தங்கிய கைகள் கற்றுக்கொள்ள வேண்டும். அல்லது எண்ணி எண்ணி ஒவ்வொரு நொடியாக மிச்சம் பிடிக்க வேண்டும். படத்தில் நடப்பது வேறு. என்ஜினுக்கு விதித்த சுழல் வரம்பை மீறும்படி ஷெல்பி பலகையில் எழுதிக் காட்டுகிறார். மைல்ஸ் 7,000-க்கு மேல் முடுக்கி வென்றுவிடுகிறார். அரங்கில் கைதட்டல் எழும் இடம் இதுதான். எனக்குக் கை எழவில்லை. அந்த வரம்பு ஏதோ அதிகாரியின் மேசையில் பிறந்த ஆணை போலப் படம் காட்டுகிறது. உண்மையில் என்ஜினை மேடையில் ஏற்றி மணிக்கணக்காக ஓட்டி, உடைத்து, பிரித்துப் பார்த்து, எவ்வளவு தாங்கும் என்று கண்டவர்களின் உழைப்பே அந்த எண். அதை மீறுவதை வீரமென்றும், விரைந்த கைகளை வில்லன் பக்கத்துச் சரக்கென்றும் ஆக்கியது, நெடுநேரப் பந்தயத்தின் அறத்தையே தலைகீழாக்கியதாகும்.

இன்னொரு காட்சி சிறியது, ஆனால் என்னை அதிகம் உறுத்தியது. ஷெல்பி ஃபெராரியின் பணிக்கூடத்தருகே சென்று ஒரு நட்டைத் தரையில் போட்டுவிட்டு நழுவுகிறார். அதைக் கண்ட இத்தாலிய மெக்கானிக்குகள் தங்கள் காரிலிருந்து கழன்றதோ என்று பதறுகின்றனர். பார்ப்போர் சிரிக்கின்றனர். வேலை முடிந்து வண்டி புறப்பட்டபின் தரையில் ஒரு நட்டு கிடந்தால் ஒரு தொழிலாளியின் வயிறு எப்படிக் கலங்கும் என்பதை நம் ஊர்ப் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். அந்த வண்டியில் ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. பணிக்கூடத்து மாந்தரின் ஆழ்ந்த அச்சத்தைத் தொட்டுவிட்ட இயக்குநர், தொட்டதை அறியாமலே அதை நகைச்சுவையாக்கிவிட்டார்.

மைல்ஸைத் தன்னிகரில்லாதவர் ஆக்கும் முயற்சியில் அவரோடு காரை ஓட்டியவர்களும் கரைந்து போயினர். 1966-இல் டேடோனாவிலும் ஸீப்ரிங்கிலும் மைல்ஸோடு சேர்ந்து வென்றவர் லாய்ட் ரூபி. லெ மானில் அவருடைய துணை டென்னி ஹல்ம். மறு ஆண்டே உலகப் போட்டியில் முதல்வரானவர். படத்தில் ஹல்ம் முகங்காட்டி மறைகிறார். ரூபியின் பெயரோடு அரங்கை விட்டு வருபவர் அரியர். 24 மணிநேரமும் மைல்ஸ் ஒருவரே ஓட்டினார் என்று ஒரு சிறுவன் எண்ணினால் பிழை அவனுடையதாகாது.

முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்னணியில் இருந்த மைல்ஸ், ஃபோர்ட் கார்கள் ஒன்றாக எல்லைக்கோட்டைக் கடக்கும் காட்சி வேண்டும் என்ற மேலிடத்து விருப்பத்தின்படி வேகம் குறைத்தார். புரூஸ் மெக்லாரனும் கிறிஸ் ஆமனும் ஓட்டிய கார், புறப்படும்போது சற்றுப் பின்னால் நின்றதால் அதிக தொலைவு ஓடியது என்று கணக்கிட்டு வெற்றியை அவர்களுக்கு அளித்தனர். இரண்டு கார்களும் ஓடியவை 360 சுற்றுகள். மைல்ஸுக்கு நேர்ந்தது கொடுமையே. அதைப் படம் உருக்கமாகச் சொல்கிறது. குற்றத்தை லியோ பீப் என்ற அதிகாரியின் தலையில் வைக்கிறது. ஆனால் வென்ற கார் வானத்திலிருந்து விழவில்லை. அதுவும் ஷெல்பி அணியின் கார்தான். அதன் வட்டுகளையும் யாரோ மாற்றினர். அதன் கண்ணாடியையும் யாரோ துடைத்தனர். அவர்கள் வென்றதை நாம் களவு போலப் பார்க்கும்படி படம் செய்துவிடுகிறது.

தோற்றவர்களோ இன்னும் இருளில் இருக்கின்றனர். அந்த ஆண்டு ஃபோர்டின் ஏழு லிட்டர் கார்கள் 8 புறப்பட்டன, முடித்தவை 3. ஷெல்பி அணியின் மற்றொரு கார், டான் கர்னியும் ஜெரி கிராண்டும் ஓட்டியது, மைல்ஸின் காரோடு முதலிடத்துக்குப் போட்டியிட்டு, ஞாயிறு காலை என்ஜின் கோளாற்றால் நின்றுவிட்டது. பதினைந்து மணிநேரத்துக்கு மேல் கண்விழித்த கூட்டம் ஒன்று, அடுத்த பணிக்கூடத்தில் வேலை நடந்துகொண்டிருக்க, தன் கருவிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருக்கும். பந்தயத்தில் இதைவிடத் துயரமான காட்சி எதுவென்று எனக்குத் தெரியவில்லை. படக்கருவி அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஐந்து கார்களின் மெக்கானிக்குகள்! ஒரு காப்பியத்திற்குப் போதுமான மாந்தர்.

1971-இல் வந்த 'லெ மான்' என்ற படம் வேறு வகை. லீ கட்சின் இயக்கியது. ஸ்டீவ் மெக்வீன் நடித்தது. முதல் அரைமணி நேரத்துக்கு மேல் பாத்திரங்கள் பேசிக்கொள்வதே இல்லை. ஒலிபெருக்கியின் குரலும் என்ஜின் ஓசையும் மட்டும் கேட்கும். கதை எங்கே என்று அந்நாளில் பலர் சலித்துக்கொண்டனர். கதையில்லாத குறை உண்மையே. ஆனால் அதனால் ஒரு நன்மை விளைந்தது. சொல்லுவதற்குத் தலைவனின் வீரக்கதை இல்லாதபோது படக்கருவி சுற்றியிருப்பதைப் பார்க்கத் தொடங்குகிறது. காத்திருக்கும் டயர்கள், மழைக்குப் போர்த்திய துணி, கையில் கடிகாரத்தோடு நிற்பவர் என எல்லாம் கண்ணில் படுகின்றன. அணித்தலைவர், ரிட்டர் என்னும் ஓட்டுநரை இறக்கிவிட்டு மெக்வீனை ஏற்றும் முடிவைச் சொல்லும் காட்சியில் இரைச்சலே இல்லை. இறக்கப்பட்டவர் அதனை ஏற்றுக்கொள்கிறார். அணி என்றால் என்ன என்பதை மேன்கோல்டின் படம் முழுதும் சொல்லாததை இந்தச் சிறு காட்சி சொல்லிவிடுகிறது. வியப்பு என்னவெனில், இங்கும் மெக்வீன் ஓட்டிய கார் இரண்டாவதாகவே வருகிறது. வென்றது அவர் அணியின் மற்றொரு கார். அதை அவர் களவாகக் கருதவில்லை.

அப்படத்தை எடுத்த கதையே ஒரு பணிக்கூடக் கதை. 1970-ஆம் ஆண்டின் உண்மைப் பந்தயத்திலேயே, படக்கருவிகள் பொருத்திய போர்ஷ 908 காரொன்றைப் படப்பிடிப்பினர் போட்டியிட வைத்தனர். ஹெர்பர்ட் லிங்கேயும் ஜோனதன் வில்லியம்ஸும் ஓட்டினர். எரிபொருளுக்கு நிற்பதோடு படச்சுருள் மாற்றவும் அது நிற்க வேண்டியிருந்தது. இறுதிவரை ஓடியும், வேண்டிய தொலைவை எட்டாததால் வரிசையில் அதற்கு இடம் தரப்படவில்லை. படப்பிடிப்பின்போது நேர்ந்த விபத்தில் டேவிட் பைப்பர் என்னும் பந்தய ஓட்டுநர் ஒரு காலின் பகுதியை இழந்தார். திரையில் நாம் காணும் வேகத்திற்கு விலை கொடுத்தவர் அவர்.

மூன்றாவது படம் நாடகமன்று, செய்திப்படம். 'ட்ரூத் இன் 24' என்பதன் இரண்டாம் பகுதி. 2011-ஆம் ஆண்டு லெ மானில் அவுடி அணி ஓடியதைப் பற்றியது. இது அந்த நிறுவனமே பொருள் கொடுத்து எடுப்பித்தது என்பதை மறந்துவிடக்கூடாது. பரிசில் பெற்றுப் பாடும் பாட்டில் பகையரசன் முகம் தெளிவாகத் தெரியாது. எதிர்த்து ஓடிய பியூஜோவின் பணிக்கூடத்து மாந்தரை நாம் நெருங்கி அறிவதில்லை. இக்குறையை ஒப்புக்கொண்டும், மூன்றனுள் இதுவே பந்தயத்தின் வடிவத்துக்கு அணுக்கமானது என்பேன்.

அந்த ஆண்டு அவுடி மூன்று கார்களை இறக்கியது. முதல் ஒரு மணிநேரத்துக்குள் ஆலன் மெக்னிஷின் கார் தடுப்பில் மோதிச் சிதறியது. இரவில் மைக் ராக்கன்ஃபெல்லரின் கார் அழிந்தது. இருவரும் உயிர் பிழைத்தனர். எஞ்சிய ஒரு காரை மார்செல் ஃபாஸ்லர், ஆந்த்ரே லாட்டரர், பெனுவா ட்ரெலூயே ஆகிய மூவர் ஓட்டினர். அந்தக் காரின் பொறியாளர் லீனா காடே, இந்தியப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த பெண்மணி. எத்தனை சுற்றுக்கு எரிபொருள் போதும், இதே டயரில் இன்னும் ஓடலாமா, யாரை எப்போது ஏற்றுவது என்று முடிவு செய்து காதொலிக் கருவி வழியே ஓட்டுநரிடம் பேசுபவர் அவர். விதிப்படி எரிபொருள் ஊற்றும்போது டயரைத் தொடக்கூடாது. ஆகவே டயர் மாற்றுவது என்றால் நிற்கும் நேரம் கூடும். மாற்றாவிட்டால் தேய்ந்த டயரில் வேகம் குறையும். இந்தக் கணக்கைத் தூக்கமில்லாத மூளையால் மறுநாள் பிற்பகல் வரை போட வேண்டும். 24 மணிநேரம் ஓடிய பின் அவுடிக்கும் பியூஜோவுக்கும் இருந்த இடைவெளி 13.854 நொடி. லெ மானில் வென்ற காரின் பொறியாளராக விளங்கிய முதற்பெண் ஆனார் அவர்; 2012-இலும் 2014-இலும் மீண்டும் வென்றார். இங்கே முகம் ஒன்று நமக்குக் கிடைக்கிறது. ஆனால் அது ஓட்டுபவர் முகமன்று. பலர் செய்யும் வேலைகள் வந்து கூடும் இடத்தில் இருப்பவரின் முகம். பலர் செயலைக் கதையாக்க விரும்புவோர்க்கு இது ஒரு வழி.

தமிழாசிரியர்களிடம் ஒரு முறையீடும் உண்டு. 2025 சனவரியில் துபாயில் நடந்த 24 மணிநேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோது, நெடுநேரப் பந்தயம் என்ற பேச்சே இல்லாத வீடுகளிலும் அப்பேச்சு எழுந்தது. கார் ஓட்டுபவரைப் 'பந்தய வீரர்' என்கிறோம். ஏனையோருக்கு என்ன பெயர்? நம் பேச்சில் கைக்கு எட்டும் சொல் 'எடுபிடி' என்பதுதான்; அதில் உள்ள இளக்காரத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கூத்தில் பின்பாட்டுக்காரர் என்று பெயர் வைத்த மொழிக்கு இங்கே சொல் பஞ்சமா? இக்கட்டுரையில் நான் 'பணிக்கூடத்தார்' என்று எழுதிப் பார்த்தேன். இதனினும் நல்ல சொல் ஆசிரியர்களிடம் இருந்தால் மகிழ்ந்து ஏற்பேன்.

மேன்கோல்டின் படத்திற்கு மீண்டு ஒரு சொல். கென் மைல்ஸ் இறந்தது பந்தயத்தில் அன்று. 1966 ஆகஸ்டு 17-ஆம் நாள் ரிவர்சைடில், அடுத்த ஆண்டுக்கான காரைச் சோதித்து ஓட்டியபோது இறந்தார். மேடையில்லாத, மாலையில்லாத, வெறும் வேலைநாள். அவர் தம் காலத்தின் பெரும்பகுதியை அத்தகைய வேலைநாட்களிலேயே கழித்தார். அவரும் பணிக்கூடத்து மாந்தரே. படம் அந்த இறப்பை உள்ளபடி காட்டுகிறது. அதன்பின் ஒரு காட்சி: முன்பு சினத்தில் மைல்ஸ் தம்மீது எறிந்த ஸ்பானரைச் சட்டமிட்டு மாட்டி வைத்திருந்த ஷெல்பி, அதைக் கொண்டுபோய் மைல்ஸின் மகனிடம் கொடுக்கிறார். உருக்கமான காட்சிதான். எனினும் எறியப்பட்டதாகவும் சட்டத்துள் மாட்டப்பட்டதாகவும் பரிசாக அளிக்கப்பட்டதாகவும் நாம் அறிந்த அந்த ஸ்பானர், ஒரு நட்டைத் திருகியதாக நம் நினைவில் நிற்கவில்லை.